புயலுக்கு மறுநாள் கூரை மேல் ஏறாதீர்கள்

புயல் வருவதற்கு முன்னால் என்னென்ன செய்யணும் என்று ரேடியோ, டி.வி. எல்லாவற்றிலும் சொல்லி விடுகிறார்கள். தண்ணீர் பிடித்து வை, மெழுகுவத்தி வாங்கி வை, ரேஷன் கார்டை பிளாஸ்டிக் பையில் போட்டு வை என்று நமக்கும் மனப்பாடமாகி விட்டது. புயல் போன மறுநாள் வீட்டுக் கூரையை எப்படிப் பார்ப்பது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அது ஆம்பளை வேலை என்று நாமும் விட்டு விடுகிறோம். ஆம்பளை என்ன செய்கிறார்? காபி குடித்த கையோடு லுங்கியை மடித்துக் கட்டிக் கொண்டு ஏணியைத் தூக்குகிறார். அது கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூரையை முதலில் பார்க்க வேண்டியவள் வீட்டுக்காரிதான். அதுவும் வீட்டுக்குள்ளிருந்து.

நான் பண்ருட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம்தான் 'தானே' புயல் வந்தது. 2011 டிசம்பர் 30-ந் தேதி காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகம் என்று பிற்பாடு சொன்னார்கள். பாட்டன், முப்பாட்டன் வைத்த பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. முந்திரித் தோப்புகள் ரோலர் ஓட்டின மாதிரி கிடந்தன. பலா போச்சு, முந்திரி போச்சு என்று ஊரே அழுதது. அழ வேண்டியதுதான், அது சோறு போட்ட மரம். ஆனால் கூரையைப் பற்றி யார் பேசினார்கள்? பறந்து போன கூரையைப் பார்த்து 'அய்யோ' என்றார்கள். பறக்காமல் ஆட்டம் கண்டு நின்ற கூரையை யாருமே பார்க்கவில்லை.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. அந்தப் புயல் வந்தது மார்கழி நடுவில். வடகிழக்கு மழை முடிகிற நேரம். பின்னாலேயே தை, மாசி, பங்குனி என்று வெயில். ஒழுகினால்தானே ஓட்டை தெரியும்? அடுத்த ஐப்பசியில் அடைமழை பிடித்த பிறகுதான் எங்கள் தெருவில் பாதி வீட்டின் வண்டவாளம் தெரிந்தது. அதற்குள் நகர்ந்த ஓட்டின் கீழே இருந்த ரீப்பர் கட்டை உளுத்துப் போயிருந்தது. நாலு ஓடு மாற்றினால் போதும் என்றிருந்த வேலை, கைமரத்தையே மாற்றுகிற வேலையாகி விட்டது. 2024 நவம்பர் 30-ல் வந்த ஃபெஞ்சல் புயல் இதற்கு நேர் எதிர். புயலும் மழையும் சேர்ந்து வந்து, தென்பெண்ணை பெருகி, வீட்டுக்குள் வந்த தண்ணீரைப் பார்ப்பதற்கே நேரம் சரியாக இருந்தது. தலைக்கு மேலே பார்க்க யாருக்கு மனசு வரும்? ஆக வெயில் வந்தாலும் பார்ப்பதில்லை, வெள்ளம் வந்தாலும் பார்ப்பதில்லை.

சரி, ஏன் ஏறக்கூடாது? எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் தாழ்வாரமும் சமையல்கட்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான். அது பார்க்கத்தான் கெட்டி, ஒரு ஆளின் கனத்தைத் தாங்காது. பழைய ஷீட் இன்னும் மோசம். மழையில் ஊறி பாசி பிடித்து வழுக்கும். புயலில் போல்ட் போட்ட துளையிலிருந்து மயிரிழை மாதிரி விரிசல் ஓடியிருக்கும், அது மேலே நிற்பவருக்குத் தெரியாது. எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இரண்டு ஓட்டையை அடைக்க ஏறினார். ஷீட் உடைந்து நேரே அடுப்படியில் வந்து விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து நாலு மாதம் படுக்கை. அவர் சம்சாரம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்த்தான் அந்த நாலு மாதமும் குடும்பம் ஓடியது. முந்திரிப் பால் பட்டு கையெல்லாம் தோல் உரிந்து கிடந்ததை நானே பார்த்தேன். அந்த இரண்டு ஓட்டைக்கும் இரண்டு குண்டான் வைத்திருந்தால் பத்து நாள் தாங்கியிருக்கும்!

உடைந்த ஷீட்டை நாம் விளக்குமாறு எடுத்து வறட் வறட்டென்று பெருக்குகிறோமே, அதுவும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வருஷக்கணக்கில் தங்கி புற்றுநோய் வரைக்கும் கொண்டு போகும். இங்கிலாந்து 1999-லேயே அதைத் தடை செய்து விட்டது. நம் ஊரில் இன்னும் தலைக்கு மேலே இருக்கிறது. தண்ணீர் தெளித்து, மூக்கில் துணியைக் கட்டிக் கொண்டு, துண்டுகளை மேலும் உடைக்காமல் அப்படியே பொறுக்கி எடுங்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

இனி உள்ளேயிருந்து பார்க்கிற விதம். முதலில் மெயினை அணைத்து விடணும். மெயின் பலகையிலேயே ஈரம் என்றால் தொடவே வேண்டாம், லைன்மேன் வரட்டும். பிறகு நல்ல வெளிச்சமான நேரமாகப் பார்த்து, பத்து மணி வாக்கில், கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்துங்கள். இரண்டு நிமிஷம் சும்மா நின்றால் கண் பழகி விடும். ஷீட்டிலும் தகரத்திலும் ஓட்டை இருந்தால் நட்சத்திரம் மாதிரி பளிச்சென்று தெரியும். ஓட்டு வீட்டில் இடுக்கு வழியாக மங்கலாக வெளிச்சம் வருவது சகஜம்தான். நேராக வானம் தெரிந்தால் ஓடு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தெரிந்த இடத்துக்கு நேர் கீழே தரையில் கோலமாவால் ஒரு வட்டம் போட்டு விடுங்கள். பிள்ளையின் பழைய நோட்டில், 'வடக்குச் சுவரிலிருந்து ஏழாவது ஓடு, இறவாணத்திலிருந்து நாலாவது வரிசை' என்று எழுதி வையுங்கள். ஆள் வந்து ஏறும்போது மேலே நின்று தேட வேண்டாம். நேரே அந்த இடத்துக்குப் போய் மாற்றி விட்டு இறங்கி விடுவார். மேலே நிற்கிற நேரம் குறைந்தால் ஆபத்தும் குறைவு, இன்னும் நாலு ஓடு மிதிபட்டு உடைவதும் குறைவு.

சொட்டுகிற இடம்தான் ஓட்டை என்று நினைக்காதீர்கள். தண்ணீர் கைமரத்தின் மேலேயே வழிந்து வந்து மூன்றடி தள்ளிச் சொட்டும். ஈரத்தடத்தைப் பிடித்துக் கொண்டு முகட்டுப் பக்கமாகக் கண்ணால் ஏறிப் போகணும்.

நம் கண்ணுக்கு மட்டும் தெரிகிற ஒரு அடையாளமும் உண்டு. சமையல்கட்டில் கைமரமும் உத்தரமும் கரி படிந்து கறுப்பாக இருக்கும். இரண்டும் சேருகிற இடத்தில் புதிதாக வெள்ளைக்கோடு மாதிரி மரம் தெரிந்தால், காற்று தூக்கினதில் மரம் நகர்ந்திருக்கிறது. சுவரின் தலையில், கூரை உட்காருகிற இடத்தில், சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்தாலும் அதே கதைதான். நேற்று வரைக்கும் சுலபமாகச் சாத்தின கதவு இன்று இடிக்கிறதா? அதையும் எழுதுங்கள். வருஷக்கணக்காக அந்த அடுப்படியில் நிற்கிறவளுக்குத் தெரிகிற வித்தியாசம், வெளியிலிருந்து வருகிற மேஸ்திரிக்கு எப்படித் தெரியும்?

காற்று கூரையை மேலிருந்து அழுத்தி உடைக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் கூரைக்கு மேலே வேகமாகப் போகிற காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. எதிர்ப்பக்கத்துக் கதவு திறந்து கொண்டால் உள்ளே புகுந்த காற்றும் கீழேயிருந்து தள்ளுகிறது. அதனால்தான் நடுக்கூரையை விட ஓரமும் மூலையும் முகட்டு ஓடும் முதலில் போகும். பார்க்கும்போது அங்கேதான் அதிக நேரம் பார்க்கணும். புயலின் கண் கடந்து போகிற ஊர்களில் காற்று கொஞ்ச நேரம் ஓய்ந்து, அப்புறம் நேர் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். ஒரு பக்கம் நன்றாக இருக்கிறதே என்று நிம்மதியாகி விடாதீர்கள், மறுபக்கமும் போய்ப் பாருங்கள். வெளியே எதிர்ச்சாரியில் நின்று முகட்டுக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரியும். எங்கள் வீட்டில் பலாப்பழம் பறிக்கிற துரட்டிக் கொம்பின் நுனியில் செல்போனைக் கட்டி வீடியோ எடுக்கச் சொன்னேன். அத்தை சிரித்தார்கள். "என்னாம்மா, கூரைக்கு போட்டோ புடிக்கிறே, கல்யாணமா?" என்றார்கள். அதில்தான் முகட்டு ஓட்டில் இரண்டு எழும்பி நின்றது தெரிந்தது.

தளம் போட்ட வீடு என்றால் கவலையில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. காற்றில் உதிர்ந்த பலா இலை தண்ணீர் போகிற வாயை அடைத்துக் கொண்டு தளத்தில் குளம் கட்டும். அந்தத் தண்ணீர் தட்டோட்டின் இடுக்கில் இறங்கி, ஒயர் போகிற குழாய் வழியாக சுவிட்ச் பெட்டிக்குள் வரும். ஃபேன் கொக்கியைச் சுற்றிப் பழுப்பு வட்டம் தெரிந்தால் அந்த ஃபேனைப் போடாதீர்கள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று எட்டிப் பார்ப்பதும் வேண்டாம், காற்றில் ஆட்டம் கண்டிருக்கலாம்.

மரம் கூரை மேல் சாய்ந்து கிடந்தால் அது தனி விஷயம். அரிவாளோடு நாலு பேர் ஏறி வெட்டத் தொடங்குவார்கள். வளைந்து அழுத்திக் கொண்டிருக்கிற கிளை வெட்டுப்பட்டதும் வில் மாதிரி தெறிக்கும், மரமும் உருளும். அதுவரை மரத்தைத் தாங்கிக் கொண்டிருந்ததே அந்தக் கூரையாகத்தான் இருக்கும். தெரிந்த மரம் வெட்டிகள் கயிறு கட்டி, முட்டுக் கொடுத்து இறக்கட்டும். அதுவரை அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

இவ்வளவு எழுதி வைப்பதில் இன்னொரு பலனும் உண்டு. 2022-ல் மத்திய அரசு வகுத்த பேரிடர் நிவாரண அளவுப்படி, சமவெளியில் முழுக்க இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய், குடிசைக்கு 8,000 ரூபாய். பகுதி சேதம் என்றால் கல்வீட்டுக்கு 6,500, கச்சா வீட்டுக்கு 4,000. அந்தப் பகுதி சேதமும் குறைந்தது 15 சதவீதம் இருந்தால்தான் கணக்கு. ஃபெஞ்சலுக்குப் பிறகு மாநில அரசு சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய் அறிவித்தது. கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 15 சதவீதம் என்பதைத் தெருவில் நின்று எப்படி அளப்பது? கணக்கெடுக்க வருபவர் வாசலோடு பார்த்து, 'கூரை இருக்கே' என்று போய் விட்டால், உள்ளே விலகி நிற்கிற கைமரம் எந்தக் கணக்கில் வரும்? தார்ப்பாய் போர்த்துவதற்கு முன்னாலேயே உள்ளும் வெளியும் படம் எடுத்து, தேதியோடு எழுதி வைத்திருந்தால் காட்டிக் கேட்கலாம். படிவத்தில் 'வீட்டுக்குள் சென்று பார்த்தாரா' என்று ஒரு கட்டமும், அதற்குக் கீழே வீட்டுப் பெண்ணின் கையெழுத்தும் இருக்கணும் என்பது என் கோரிக்கை. பகலில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் நாம்தானே.

இன்னொன்று. புயல் முடிந்த வாரத்தில் ஓட்டு விலையும் ஷீட் விலையும் ஏறி விடும், ஆள் கூலியும் அப்படியே. அவசரப்படாமல் தார்ப்பாயை ஆள் வைத்துப் போட்டு, மூலைகளில் மணல் மூட்டை தொங்கவிட்டு, பத்து பதினைந்து நாள் பொறுங்கள். அப்புறம் கூப்பிடுகிற ஆளிடம் 'பலகை கொண்டு வருவாயா' என்று முதலில் கேளுங்கள். ஷீட் மேல் பலகை போட்டு, அடியில் சட்டம் ஓடுகிற கோட்டில் மட்டும் கால் வைக்கிறவராக இருக்கணும். 'பலகை எல்லாம் எதுக்கும்மா, நான் எத்தனை கூரை ஏறியிருக்கேன்' என்று சொல்கிறவருக்கு மோர் கொடுத்து அனுப்பி விட்டு வேறு ஆளைத் தேடுங்கள்.

– ஒரு இல்லத்தரசி, பண்ருட்டி.