சைடு ஸ்டாண்டு போடாதவர்கள்

பைக்கில் ஒரு பெரிய நாட்டைக் கடந்தவர்கள் எழுதும் கட்டுரைகளோடு எனக்கு ஒரு பழைய சண்டை இருக்கிறது. ரஷ்யாவோ ஆஸ்திரேலியாவோ அமெரிக்காவோ, கட்டுரை ஒன்றுதான். வேலையில் சலிப்பு, ஒரே ராத்திரியில் முடிவு, பிறகு நாளுக்கு அறுநூறு கிலோமீட்டர், நடுவில் ஒரு மழை, ஒரு பஞ்சர், முகம் தெரியாத ஒரு கிழவர் கொடுத்த டீ. கடைசியில் 'என்னை நான் கண்டுகொண்டேன்'. சரி, சந்தோஷம். அந்தக் கிழவர் யார்? என்ன வேலை பார்க்கிறார்? அவர் ஊரில் ஏன் இளவட்டம் ஒருத்தரையும் காணோம்? ஒரு வரி கிடையாது. பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டியவருக்கு வண்டியைச் சைடு ஸ்டாண்டு போட்டு அரைமணி நேரம் உட்கார முடியவில்லை.

கொஞ்சம் சூடாகவே சொல்கிறேன், காரணம் இருக்கிறது. எனக்கு ஊர் அச்சன்புதூர். குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்தால் பைக் கூட்டம் வரும். அருவியில் நெரிசல் என்றதும் பண்பொழி, மேக்கரை, அடவிநயினார் அணை என்று எங்கள் பக்கம் திரும்பும். அப்புறம் வீடியோ வரும்: மலை, மேகம், பச்சை வயல், பின்னணியில் ஒரு கிடார். நடவு நடுகிற பெண்கள் முக்கால் நொடி தெரிவார்கள். எனக்கு அவர்களைத் தெரியும். ஒருத்திக்கு மூட்டுவலி, இன்னொருத்திக்குப் போன வாரக் கூலி பாக்கி. வீடியோவில் அவர்கள் 'வைப்'. அடுத்தவன் பயணத்தில் பேக்ரவுண்டாக நிற்பது எப்படி என்று தெரிந்தவன், சைபீரியக் கிழவரின் டீயை மட்டும் எப்படி நம்புவான்?

இந்த இடத்தில் சே குவேராவை இழுத்துக்கொண்டு வருவார்கள். வரட்டும். 1952 ஜனவரியில் அவரும் ஆல்பெர்டோ கிரனாடோவும் ஒரு நார்ட்டன் 500இல் புவனஸ் ஐரிஸிலிருந்து கிளம்பினார்கள். வண்டிக்குப் பெயர் லா போதெரோசா, பலசாலி. பலசாலி சிலியைக்கூடத் தாண்டவில்லை. விழுந்து, உடைந்து, கம்பியால் கட்டப்பட்டு, லாரியில் ஏறி சந்தியாகோ போய்ச் சேர்ந்தது, அங்கேயே விட்டுவிட்டார்கள். நாம் டீஷர்ட்டில் போட்டுக்கொள்கிற அந்த மனிதர் உருவாகத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். சுக்கிகமாட்டா செம்புச் சுரங்கத்துக்குப் போகிற வழியில், பாலைவனக் குளிரில் போர்வைகூட இல்லாமல் உட்கார்ந்திருந்த கம்யூனிஸ்ட் தொழிலாளியையும் அவர் மனைவியையும் சந்திப்பது பைக் செத்த பிறகு. பெருவில், அமேசான் கரையில் இருக்கிற சான் பாப்லோ தொழுநோய் இல்லம், அதுவும் பிறகு. லிஃப்ட் கேட்டு, அடுத்தவர் வீட்டுச் சோற்றுக்குக் காத்திருந்து, ஆஸ்துமாவோடு படுத்துக் கிடந்து பார்த்த கண்டம் அது. வண்டி நன்றாக ஓடியிருந்தால் நமக்கு ஒரு நல்ல மைலேஜ் ரிப்போர்ட் கிடைத்திருக்கும்.

இன்னொருவர் ராபர்ட் பிர்சிக். இஞ்சினியரிங் ஹாஸ்டல்களில் பாதிப் பேர் அறுபது பக்கத்தோடு மூடிவைத்த புத்தகம் அவருடையது. காரில் போவது டிவி பார்ப்பது மாதிரி, பைக்கில் போனால் நீ காட்சிக்குள்ளேயே இருக்கிறாய் என்று 1974இல் எழுதினார். அன்றைக்கு அது சரியாக இருந்திருக்கலாம். இன்றைக்கு ஹெல்மெட்டில் கேமரா, காதில் ப்ளூடூத், ஹாண்டில்பாரில் மேப். டிவியை வண்டி மேலேயே ஏற்றியாயிற்று. டெட் சைமன் 1973இல் ட்ரையம்ப் வண்டியில் உலகம் சுற்றக் கிளம்பி நான்கு வருஷம் எடுத்துக்கொண்டார். அவர் புத்தகத்தின் தலைப்பில் இருக்கும் 'ஜூபிடர்' இந்தியாவில் ஒருவர் அவரிடம் சொன்ன வார்த்தையிலிருந்து வந்தது. நின்றதனால் கிடைத்த தலைப்பு.

தமிழில் இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. காந்தி ஆவணப்படத்துக்காக 1930களின் கடைசியில் கண்டம் கண்டமாக அலைந்த ஏ.கே. செட்டியார், தன்னைப் பற்றிச் சொல்ல அவ்வளவு கூச்சப்பட்டவர். அந்தக் கூச்சத்தை எப்போது தொலைத்தோம் என்று தெரியவில்லை.

இனி எங்கள் தெருவுக்கு வருகிறேன். கடையநல்லூர், வடகரை, அச்சன்புதூர் வட்டாரத்தில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு குறைவு. எங்கள் தெரு அண்ணாச்சி ஒருத்தர் பதினேழு வருஷம் சவூதியில் வீட்டு டிரைவர். ரியாத்திலிருந்து ஜித்தா ஏறத்தாழ 950 கிலோமீட்டர். கபீல் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு எத்தனை தடவை போய் வந்தார் என்று அவருக்கே கணக்கில்லை. அவரை யாரும் பயணி என்று சொன்னதில்லை. 'அது காருல்லா, பைக் இல்லையே' என்பீர்கள். பைக்குதான் பிரச்சினை என்றால் ரியாத்தில் சோற்றுப் பொட்டலம் சுமந்து ஓடும் பையன்களைப் பற்றி எத்தனை கட்டுரை எழுதினீர்கள்?

2019 செப்டம்பரில் சவூதி 49 நாட்டுக்காரர்களுக்கு இணையத்திலேயே சுற்றுலா விசா கொடுக்க ஆரம்பித்தது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஜெர்மன்காரர் பாலைவனத்தில் பைக் ஓட்ட வீட்டிலிருந்தே விசா எடுக்கலாம். 2021 மார்ச்சில் தொழிலாளர் சீர்திருத்தம் வந்தது. முதலாளியின் அனுமதி இல்லாமலே நாட்டைவிட்டு வெளியேற அது பலருக்கும் வழி செய்தது. வீட்டு டிரைவர்கள், வீட்டு வேலைக்காரர்கள், ஆடு மேய்ப்பவர்கள், தோட்டக்காரர்கள் அதில் சேரவில்லை. அதாவது அந்த நாட்டின் சாலைகளை முழுசாக அறிந்தவருக்கு, அதன் எல்லையைத் தாண்ட இன்னொருத்தர் கையெழுத்து வேண்டும். திரும்பிவர உத்தரவாதம் உள்ளவனின் சலிப்பு நமக்கு இலக்கியம். ஊருக்கு வர எக்சிட் கிடைக்குமா என்று எண்ணிக்கொண்டே ஓட்டியவனின் ஆயிரம் கிலோமீட்டர் வெறும் பிழைப்பு. இந்தக் கணக்கை யார் போட்டது?

பைக்கை விற்றுவிடு என்று யாரையும் சொல்லவில்லை. ஓட்டுங்கள். ஆனால் அடுத்த தொடரை எழுத உட்காருமுன், உங்கள் தெருவிலும் ஒரு அண்ணாச்சி இருப்பார், அவரிடம் போய் உட்காருங்கள். முதல் நாள் ஒன்றும் பெயராது. 'என்னத்தச் சொல்ல தம்பி, ஓட்டுனேன், வந்துட்டேன்' என்பார். எங்கள் அண்ணாச்சி மூன்றாம் நாள்தான் தாயிஃப் மலை இறக்கத்தைப் பற்றி வாயைத் திறந்தார். பின் ஸீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்ததாம். அவருடைய மகள் பிறந்த செய்தி அன்றைக்குத்தான் போனில் வந்ததாம். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.