நாய்க்கு ஏது டிரான்ஸ்பர்?

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரே கடுப்பு. எழுதித் தீர்த்தால்தான் ஆபிஸில் ஆணி பிடுங்கவே உட்கார முடியும் போலிருக்கிறது. அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் சூடாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நொய்டாவில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் நம்மூர்க் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு உண்டு. அதில் ஒருவருக்கு ஹைதராபாத் மாற்றல். லாரி வந்தது. ஃப்ரிட்ஜ் ஏறியது, கிரைண்டர் ஏறியது, தொட்டியோடு துளசிச் செடியும் ஏறியது. நாலு வயது லாப்ரடார் மட்டும் ஏறவில்லை. "வாட்ச்மேன் பாத்துக்குவார் சார், ரெண்டாயிரம் குடுத்திருக்கேன்" என்றார். அந்த வாட்ச்மேன் எந்த மாதம் எந்த கேட்டில் நிற்பார் என்று அவருக்கே தெரியாது. நாய் மூன்று நாளாக லிஃப்ட் பக்கத்தில் படுத்துக் கிடந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து வாலை ஆட்டும். வேற்று ஆள் என்று தெரிந்ததும் மறுபடி படுத்துக்கொள்ளும்.

இவர் கெட்டவரா என்றால் இல்லை. நவராத்திரிக்கு வீடு வீடாகச் சுண்டல் கொடுத்தவர்தான். அதனால்தான் கோபம் அதிகமாக வருகிறது. வெளியூரில் பிழைக்க வந்த நம்மில் பலர் இதைத்தான் செய்கிறோம். "குழந்தை தனியா இருக்கு, விளையாட ஒரு நாய் வாங்கலாம்" என்று பிறந்த நாளுக்கு வாங்குவது, மாற்றல் வந்தால் வாட்ஸப்பில் "நல்ல வீடு தேவை" என்று போட்டோ போடுவது, யாரும் கேட்காவிட்டால் வாட்ச்மேன் தலையில் கட்டுவது. நாய் சராசரியாகப் பன்னிரண்டு வருஷமாவது இருக்கும். நம் வேலையோ மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர். இந்தக் கணக்குகூடப் போடத் தெரியாமலா எக்ஸெல் ஷீட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்?

சொல்லும் சாக்குகளைப் பார்ப்போம்.

ஒன்று, "புது ஊர்ல நாய்க்கு வீடு கிடைக்காது." சங்கம் பெரும்பான்மை ஓட்டெடுத்தாலும் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஓனர் மறுத்தால் அடுத்த வீடு பாருங்கள். பிரம்மச்சாரிக்கு வீடில்லை, மீன் சமைத்தால் வீடில்லை என்று நம்மைத் துரத்தியபோது தேடவில்லையா? அதே தேடல்தான்.

இரண்டு, "ரயில்ல எப்படிக் கூட்டிட்டுப் போறது?" முதல் வகுப்பு ஏசியில் கூப்பேயோ கேபினோ முழுவதும் நம் பெயரில் இருந்தால் நாயை உடன் அழைத்துப் போகலாம். தடுப்பூசிச் சான்றோடு போய் பார்சல் ஆபிஸில் புக் செய்ய வேண்டும். காசு ஆகும்தான். சோபா செட்டுக்கு லாரி வாடகை கொடுக்கும்போது அது உறைக்கவில்லையே?

மூன்றாவதுதான் ரத்தத்தைக் கொதிக்க வைப்பது: "நாய்தானே, தெருவுல பொழச்சுக்கும்." தெருநாய்களுக்கு எல்லை உண்டு. புதிதாக வரும் நாயைக் கடித்துத் துரத்தும். தட்டில் வைத்த தயிர் சாதம் தின்ற லாப்ரடாருக்குக் குப்பையைக் கிளறத் தெரியாது. உயிரோடு இருந்தாலும் தடுப்பூசி தவறி, கருத்தடை இல்லாமல் குட்டி போட்டு, நாளைக்கு அந்தக் காலனிக்கே பிரச்சினை. 2025 ஆகஸ்டில் தில்லிப் பகுதித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே மாதம் அதை மாற்றி, வெறிநோய் உள்ளவை, ஆக்ரோஷமானவை தவிர மற்றவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. அப்போது "தெருநாய்த் தொல்லைக்கு முடிவு கட்டுங்க" என்று ஃபார்வர்டு அனுப்பியவர்களில் இந்த லாப்ரடார்க்காரரும் ஒருவர். தொல்லையில் உங்கள் பங்கு எவ்வளவு சார்?

கடி பயத்தை நான் கேலி செய்யவில்லை. வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அனேகமாக இல்லை. கடி பட்டால் பதினைந்து நிமிஷம் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். அந்தப் பயம் உண்மை என்பதால்தான் இன்னொரு நாயைத் தெருவில் சேர்க்காதீர்கள் என்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? பசி தாகத்தால் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை! ஸ்டேஷன் பார்க்கிங்குக்குக்கூட அதற்கு மேல் ஆகிறது.

சரி, நீ யார் பெரிய யோக்கியனா என்று கேட்பீர்கள். இல்லை. 2022ல் பெங்களூரிலிருந்து இங்கே மாற்றல் வந்தபோது நானும் "நல்ல வீடு தேவை" என்று டைப் அடித்தவன்தான். எங்கள் மணி அதற்கு நாலு வருஷம் முன்பு ஒரு மழை நாளில் கார் அடியில் கிடைத்த தெரு ஜாதி. (ஆமாம், வீட்டில் ஒரு தங்கமணி, ஒரு மணி. யார் பேச்சு எடுபடும் என்று கேட்காதீர்கள் :-)) மெசேஜை அனுப்புமுன் தங்கமணி பார்த்துவிட்டார். "அதுக்கும் சேத்து டிக்கெட் போடுங்க. இல்லாட்டி நீங்க மட்டும் போங்க." அவ்வளவுதான். கூப்பேயில் நானும் பெண்ணும் மணியும் இரண்டு ராத்திரி பயணம். போபால் பிளாட்பாரத்தில் அது காலைத் தூக்கும்வரை, ரயில் கிளம்பிவிடுமோ என்று எனக்கு வேர்த்த வேர்வை இருக்கிறதே!

அன்றைக்கு அந்த மெசேஜ் போயிருந்தால் என்ன போயிருக்கும்? என் பெண் எங்களிடம் இந்தியில்தான் பதில் சொல்வாள். மணியிடம் மட்டும் தமிழ். "டேய், உக்காருடா", "சாப்ட்டியா", "ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க" எல்லாம் அதனிடம்தான். அதற்கு வேறு பாஷை தெரியாதே. தமிழ் வகுப்புக்குக் கொடுத்த ஃபீஸ் செய்யாததை ஒரு தெருநாய் செய்துகொண்டிருக்கிறது. எனக்கும் இந்தக் குடியிருப்பில் முதல் ஆறு மாதம் பெயரே இல்லை. இன்றைக்கு சர்தார்ஜி தாத்தாவிலிருந்து பால்காரர் வரை "மணி கே பாபா" என்று நின்று பேசுகிறார்கள். அப்ரைசல் ஊற்றிக்கொண்ட நாளிலும் வாசலில் அதே வரவேற்பு. மூன்றாவது விசில் வந்தால் சாப்பாடு என்று குக்கருக்குப் பக்கத்தில் காது கொடுத்துக் காத்திருக்கும். நாளைய கவலை இன்றைக்கு வேண்டாம் என்று எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஊருக்கும் கூட்டிப் போவேன் என்ற உறுதி இல்லையென்றால் நாய் வாங்காதீர்கள். 45 டிகிரி வெயிலில் ஹஸ்கி வாங்கவே வாங்காதீர்கள். தபால்தலையில் வந்த பெருமைக்காக ராஜபாளையத்தை இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் அடைக்காதீர்கள், அது ஓடப் பிறந்த ஜாதி. உறுதி இருந்தால் தெருக்குட்டி ஒன்றை எடுங்கள். ஊசி போடுங்கள், கருத்தடை செய்யுங்கள். இந்த ஊர் வெயிலும் குளிரும் அதற்குப் பழக்கம்.

லாப்ரடாரை புதன்கிழமை ராத்திரி எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். மணிக்கு இதில் துளியும் சம்மதமில்லை, உறுமிக்கொண்டே இருக்கிறது. ஹைதராபாத்துக்கு நாலு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

டிஸ்கி: லிஃப்ட் சத்தம் கேட்டால் அது இன்னமும் எழுந்து வாசலுக்குப் போகிறது. துளசிச் செடி நன்றாகத் துளிர்த்திருக்கும் என்று நம்புகிறேன்.