விலைவாசி இறங்கிவிட்டதாம்: பிம்ப்ரியில் யாருக்கு?

புனேயை அடுத்த பிம்ப்ரி, போசரி, சிஞ்ச்வட் பக்கம் சம்பளப் பேச்சு எழுந்தால் ஒரு வாதம் தவறாமல் வந்து உட்காரும். விலையேற்றம் வரலாறு காணாத அளவுக்குத் தணிந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பஞ்சப்படி ஏறுகிறது. பெரிய கம்பெனிகள் சம்பள ஒப்பந்தத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டித் தருகின்றன. இதற்கு மேலும் கையைக் கடிக்கிறது என்றால் கோளாறு செலவு செய்கிறவரிடம்தான். பொருளாதாரப் பத்திகளில் இதைப் புள்ளிவிவரத்தோடு எழுதுகிறார்கள். கம்பெனி ஹெச்.ஆர். மென்மையாகச் சொல்கிறார். ஊரில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு இங்கே வந்துபோகும் சித்தப்பா சத்தமாகவே சொல்கிறார். வாதத்தில் வரும் எண்கள் பெரும்பாலும் சரியானவை. அதனால்தான் அதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், தணிந்த விலையேற்றம். 2025 அக்டோபரில் நாட்டின் சில்லறை விலையேற்றம் 0.25 சதவீதம். 2012ஐ அடிப்படையாகக் கொண்ட குறியீட்டு வரிசையில் அதுவே மிகக் குறைவு. உண்மைதான். ஆனால் விலையேற்றம் குறைவது வேறு, விலை குறைவது வேறு. ஏறும் வேகம் தணிந்தால் ஏறிய இடத்திலிருந்து இறங்கியதாக ஆகாது. சமையல் எரிவாயுவையே எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லி விலைப்படி 2020 நடுவில் ஒரு சிலிண்டர் 594 ரூபாய். 2023 மார்ச்சில் 1,103. பிறகு இருநூறு, அப்புறம் நூறு என்று இரண்டு தடவை குறைத்தார்கள். இரண்டுமே பெரிய செய்தியாயின. 2025 ஏப்ரலில் ஐம்பது கூட்டியதும் 853. உச்சத்திலிருந்து பார்த்தால் மலிவு, 2020லிருந்து பார்த்தால் 44 சதவீதம் அதிகம். அடுப்பு எரிகிற வீட்டுக்கு இரண்டாவது கணக்குத்தான் கணக்கு.

அந்த 0.25க்குள் என்ன இருந்தது என்றும் பார்க்கலாம். காய்கறி விலை ஓராண்டில் 27 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தது. அதற்கு முந்தைய அக்டோபரில் அதே காய்கறி 42 சதவீதம் ஏறியிருந்தது. 2023 அக்டோபரில் நூறு ரூபாய்க்கு வாங்கிய காய் 2024ல் 142 ஆகி, 2025ல் 103க்குத் திரும்பியது, அவ்வளவுதான். திரும்பியது நல்ல செய்தி, அதை மறுக்கவில்லை. ஆனால் நடுவில் அந்த ஓராண்டு கிராணா கடையில் வாங்கிய கடன் காய்கறியோடு சேர்ந்து இறங்கிவிடாது.

அதே மாதத்தில் போக்குவரத்துக்கும் தகவல் தொடர்புக்குமான அகில இந்திய விலையேற்றம் ஒரு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. இங்கே என்ன நடந்தது? 2025 ஜூன் 1 முதல் பிஎம்பிஎம்எல் நகரப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாயிலிருந்து பத்து ரூபாயானது. நாற்பது ரூபாயாக இருந்த தினசரி பாஸ் எழுபது ஆயிற்று. 900 ரூபாயாக இருந்த மாதப் பாஸ் 1,500. பதினோரு ஆண்டுக்குப் பிறகு உயர்த்துகிறோம் என்று நிர்வாகம் சொன்னது. டீசல், பராமரிப்புச் செலவைப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பதினோரு ஆண்டின் உயர்வு ஒரே நாளில் வந்து விழுந்தது. போசரிக்கோ தலவடேக்கோ தினமும் பேருந்தில் போகிறவருக்கு அது மாதம் 600 ரூபாய். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடென்றால் 1,200. அகில இந்தியச் சராசரியில் இந்தத் தொகை எங்கோ கரைந்துபோகிறது. சம்பளப் பையில் கரைவதில்லை.

அடுத்தது பஞ்சப்படி. வாதத்தின் பலமான கால் இதுதான் என்று பலரும் நம்புகிறார்கள். மகாராஷ்டிரத்தில் குறைந்தபட்சக் கூலியோடு ஒரு விசேஷப் படி சேர்கிறது; ஜனவரியிலும் ஜூலையிலும் மாறுகிறது; தொழிலாளர் விலைக் குறியீட்டெண் எத்தனை புள்ளி ஏறியதோ அதற்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு. கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. நடப்பில் மூன்று ஓட்டைகள். முந்தைய ஆறு மாதச் சராசரியை வைத்து அடுத்த ஆறு மாதத்துக்குப் படி தருகிறார்கள். விலை முன்னே ஓட, படி மூச்சிரைக்கப் பின்னே வருகிறது. திறன் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் படித்தொகை ஒன்றே. ஆகவே வெல்டருக்கும் சிஎன்சி இயந்திரம் ஓட்டுகிறவருக்கும் அவரவர் அடிப்படைக் கூலியின் விகிதத்துக்கு ஈடு கிடைப்பதில்லை. அந்த அடிப்படையைத் திருத்த ஐந்தாண்டு வரை இடம் தருகிறது சட்டம். அதுவரை அது உறைந்து நிற்கும்.

மூன்றையும் விடப் பெரிய விஷயம், இந்தப் படி குறைந்தபட்சக் கூலியைத்தான் காக்கிறது. மொத்தச் சம்பளம் அந்தக் கோட்டுக்கு இரண்டாயிரம் மேலே இருந்தால், படி ஏறியதற்காக முதலாளி ஒரு பைசா கூட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. கோடு மேலே வந்து சம்பளத்தைத் தொடும்வரை காத்திருக்கலாம். பிம்ப்ரியின் சிறு பட்டறைகளில் எட்டுப் பத்து வருடம் வேலை செய்தவர்கள் புதிதாகச் சேர்ந்தவரோடு ஏறக்குறைய ஒரே சம்பளத்தில் வந்து நிற்பது இப்படித்தான்.

படியைத் தீர்மானிக்கும் குறியீட்டெண்ணில் வாடகை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை இந்த வாதம் பேசுகிறவர்கள் பார்ப்பதேயில்லை. 2016 அடிப்படையிலான தொழிலாளர் குறியீட்டெண்ணில் வீட்டுக்கான எடை 16.87 சதவீதம். அது வாடகைக்கு இருப்பவர், சொந்த வீட்டுக்காரர், இலவசக் குடியிருப்பில் இருப்பவர் எல்லாரையும் சேர்த்து எடுத்த எடை. வாடகைக் கணக்கெடுப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான். வாடகைக்கு இருப்பவரை மட்டும் தனியே எடுங்கள். கைக்கு 16,000 வருகிறது, ஒற்றை அறை வாடகைக்கு 6,000 போகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் வீட்டில் வாடகையின் எடை 37 சதவீதத்துக்கு மேல். பதினொரு மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வீட்டுக்காரர் பத்து சதவீதம் கேட்டால், வீட்டுச் செலவு மொத்தத்தில் அந்த ஒரு வரியாலேயே 600 ரூபாய் எகிறுகிறது. பிடிக்கவில்லை என்றால் அறை மாற்றலாம். புது டெபாசிட், தரகர் கமிஷன், டெம்போ வாடகை.

இந்த ஊர் சம்பளத்தை வாடகையில் கரைப்பதற்காகக் கட்டப்பட்டதல்ல என்பதுதான் வேதனை. பிம்ப்ரியில் 1954ல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொடங்கப்பட்டது. நாட்டின் பென்சிலின் இங்கே தயாரானது. தொழிற்சாலையோடு குடியிருப்பும் பள்ளியும் சேர்ந்தே எழுந்தன. அந்தத் தலைமுறையின் சம்பளச் சீட்டில் தெரிகிற தொகை சிறியது, ஆனால் வீடும் பள்ளியும் அந்தச் சீட்டுக்கு வெளியே இருந்தன. 1972ல் தொழிலாளர்களுக்கு மனையும் வீடும் தரவே பிம்ப்ரி சிஞ்ச்வட் புதுநகர் வளர்ச்சி ஆணையம் அமைந்தது. அதைத்தான் எல்லாரும் ‘பிராதிகரண்’ என்கிறோம். 2021ல் அதைப் புனே பெருநகர வளர்ச்சி ஆணையமான பிஎம்ஆர்டிஏவோடு இணைத்துக் கலைத்தார்கள். தொழிலாளிக்கென்று வரைந்த நிக்டி பிராதிகரணில் இன்று ஒப்பந்தத் தொழிலாளி வாடகைக்குப் போக முடியுமா என்று தரகரைக் கேட்டால் அவர் சிரிப்பார். பழைய ஆலை நிலங்கள் பல குடியிருப்பு மனைகளாகி, அடுக்குமாடிகளாக நிற்கின்றன. அன்று கம்பெனி ஏற்றிருந்த செலவை இன்று சம்பளம் ஏற்கிறது. அதற்காகச் சம்பளம் கூடவில்லை.

2019 ஜனவரியில் அனூப் சத்பதி தலைமையிலான நிபுணர் குழு தேசியக் குறைந்தபட்சக் கூலியாக நாளுக்கு 375 ரூபாய் பரிந்துரைத்தது. நகரங்களுக்கு வீட்டு வாடகைப் படியாக மாதம் 1,430 ரூபாய் வரை தனியே தரச் சொன்னது. அந்தத் தொகைக்குப் பிம்ப்ரியில் அறை கிடைக்காது. நான்கு பேர் தங்கும் அறையில் ஒரு கட்டில் கிடைத்தாலே பெரிது. அந்தப் பரிந்துரையையும் ஏற்காமல், 2019ல் அரசு அறிவித்த தேசியத் தரைக் கூலி நாளுக்கு 178 ரூபாய்.

இனி, சம்பளம் ஏறிக்கொண்டுதானே இருக்கிறது என்ற வாதம். ரூபாயில் ஏறியிருக்கிறது. மத்திய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையைத் திறந்து பாருங்கள். விலையேற்றத்தைக் கழித்துவிட்டால், மாதச் சம்பளக்கார ஆண்களின் சராசரி 2017-18ல் 12,665 ரூபாய், 2023-24ல் 11,858. பெண்களுக்கு 10,116லிருந்து 8,855க்கு வீழ்ச்சி. தினக்கூலிக்காரர்களுக்கு ஏறியிருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்: ஆண்களுக்கு 203லிருந்து 242. அடித்தட்டில் சற்று உயர்வு, மாதச் சம்பளத்தில் சரிவு. பிம்ப்ரி மாதச் சம்பள ஊர்.

இதுவும் அகில இந்தியச் சராசரிதானே, உனக்கு வசதியான சராசரியை மட்டும் எடுத்துக்கொள்கிறாயே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்னும் நெருக்கமான ஒன்றைத் தருகிறேன். தொழில் முதலாளிகளின் கூட்டமைப்பான ஃபிக்கியும் குவெஸ் நிறுவனமும் தயாரித்த அறிக்கை ஆறு துறைகளின் சம்பளத்தை ஆராய்ந்தது. 2019 முதல் 2023 வரை பொறியியல், உற்பத்தி, உள்கட்டமைப்புத் துறையில் ஆண்டுச் சம்பள உயர்வு சராசரியாக 0.8 சதவீதம். ஆறு துறைகளில் அதுவே கடைசி. பிம்ப்ரியும் போசரியும் வாழ்வது அந்தத் துறையில். நூறு ரூபாய்ச் சம்பளம் நான்கு ஆண்டில் 103 ஆனது. ஏறக்குறைய அதே காலத்தில் நூறு ரூபாய்ப் பொருள் 126 ஆனது.

பிறகு அந்த ‘ஆயிரக்கணக்கில் கூட்டித் தரும்’ ஒப்பந்தங்கள்? அவை பெர்மனென்ட் தொழிலாளர்களுக்கு. சங்கம் பேசி, மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கையெழுத்தாகும். நாட்டின் பதிவுபெற்ற ஆலைகளில் நூற்றுக்கு நாற்பது தொழிலாளருக்கு மேல் இப்போது ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள். அதே வரிசையில், அதே நட்டை முறுக்குகிறவர்கள். ஏழு மாதம், பதினொரு மாதம் முடிந்ததும் ‘பிரேக்’. வேறு ஒப்பந்தக்காரர் பெயரில் மீண்டும் முதலிலிருந்து. பணிமூப்பே சேராதவருக்கு ஊதிய உயர்வு எதன்மேல் சேரும்?

ஆடம்பரக் குற்றச்சாட்டைச் சுருக்கமாக முடிக்கலாம். நகர்ப்புறக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 2011-12ல் 42.6 சதவீதம், 2023-24ல் 39.7. வசதி பெருகியதற்கு அடையாளம் இது என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஏங்கல் விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கடன் தவணையும் தேதி தவறாமல் கேட்பவை. குறைத்துக்கொள்ள முடிவது தட்டில் உள்ளதை மட்டும். அப்போதும் உணவின் பங்கு குறையத்தான் செய்யும். கைப்பேசியைக் காட்டிப் பேசுகிறவர்களுக்கு: நாளைய ஷிப்ட் என்ன என்பதே வாட்ஸ்அப்பில்தான் வருகிறது.

விலையோடு நகராத எண்கள் அரசிடமே இருக்கின்றன, அவற்றை யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை. ஈஎஸ்ஐ மருத்துவத்துக்கான சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ஆனது. 2025 இறுதிவரை அதே 21,000. வருங்கால வைப்பு நிதியின் 15,000 வரம்பு 2014 செப்டம்பரிலிருந்து அப்படியே நின்றது. பத்தாண்டு அனுபவத்தில் 20,800லிருந்து 21,300க்கு ஏறிய ஒரு ஃபிட்டரைக் கற்பனை செய்யுங்கள். ஐந்நூறு ரூபாய் கூடியது. அரையாண்டுப் பங்களிப்புக் காலமும் அதற்குரிய பலன் காலமும் முடிந்ததும் குடும்பம் முழுவதற்குமான ஈஎஸ்ஐ சிகிச்சை போயிற்று. சிஞ்ச்வட் ஈஎஸ்ஐ மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தவர் இனி சந்த் துகாராம் நகரில் மாநகராட்சியின் ஒய்சிஎம் மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டும், அல்லது தனியாரிடம் காப்பீடு வாங்க வேண்டும். அந்த ஐந்நூறு அதற்குக் காணாது.

கடைசி வாதம் அச்சுறுத்தல் வகை: கூலியைக் கூட்டினால் ஆலைகள் ஓடிவிடும். 2007ல் பஜாஜ் ஆட்டோ ஆகுர்டியில் உற்பத்தியை நிறுத்தியது இங்கே யாருக்கும் மறக்கவில்லை, ஆகவே இந்தப் பேச்சுக்கு வலு அதிகம். ஆனால் அன்று ஆகுர்டியிலிருந்து இழுத்த காந்தம் உத்தராகண்டின் பந்த்நகரில் கிடைத்த வரிச் சலுகைகளும் சாகனின் புதிய ஆலையும். ஒப்பந்தத் தொழிலாளியின் வாடகைப் படி அல்ல. இன்று கம்பெனிகள் கொடுக்க முடியாத நிலையில் இருக்கின்றனவா? தலைமைப் பொருளாதார ஆலோசகர் அனந்த நாகேஸ்வரனின் அதே ஆய்வறிக்கை, 2023-24ல் பெருநிறுவன லாபம் 22.3 சதவீதம் வளர்ந்தது, வேலைவாய்ப்பு 1.5 சதவீதம்தான் வளர்ந்தது என்கிறது. லாபம் பதினைந்தாண்டு உச்சத்தில் இருக்கிறது, கூலி பின்தங்குகிறது, இது தேவையைக் குறைத்துப் பொருளாதாரத்தையே மந்தமாக்கும் என்று எச்சரித்திருப்பதும் அந்த அறிக்கைதான். எழுதியது தொழிற்சங்கம் அல்ல.

அந்த எச்சரிக்கையைச் சரிபார்க்கப் பிம்ப்ரிக்கு வெளியே போக வேண்டியதில்லை. இந்த ஊரை வளர்த்தது இருசக்கர வாகனம்; அதை வாங்குகிறவர்கள் இதே வருமானக்காரர்கள். 2018-19ல் நாட்டுக்குள் 2.1 கோடி இருசக்கர வாகனங்கள் விற்றன. 2024-25ல் 1.96 கோடி. நடுவில் பெருந்தொற்று வந்தது, மாசு விதிகள் மாறி வண்டி விலையும் கூடியது. அதையெல்லாம் தள்ளிவிட்டாலும், அந்த ஆறு ஆண்டுகளில் மக்கள்தொகை கூடிய நாட்டில் பழைய எண்ணிக்கையை எட்ட முடியவில்லை.