வெண்ணெயும் மோரும்

கோவை நகரத்துப் பெருங்கடைகளில் ‘கல்ச்சர்டு பட்டர்’ என்னும் பெயரால் ஒரு பொருள் மிக்க விலைக்கு விற்கப்படுகின்றது. பாலேட்டை உறையிட்டுப் புளிக்கவைத்துக் கடைந்தெடுத்த வெண்ணெய் என்பதே அப்பெயரின் பொருள். அதனை மேனாட்டுப் புதுமை எனக் கருதி வாங்குவாரைக் காணுங்கால் எமக்கு நகைப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன. என்னை? கொங்கு நாட்டில் வெண்ணெய் என்றாலே தயிரைக் கடைந்து எடுத்ததன்றோ? புளிக்காத பாலேட்டினின்று எடுப்பதே இங்குப் பின்னர் வந்த வழக்கம்.

இந்நாட்டு வெண்ணெய் பெரிதும் எருமையின் கொடை. காங்கயம் பசு, ஏருக்கும் வண்டிக்கும் உரிய காளைகளை ஈனும் இனம். கறக்கும் பால் சிறிதே. எருமைப் பாலிலோ நூற்றுக்கு 7 பங்கு அளவு கொழுப்பு உண்டு. ஈரோட்டினின்று கோவைக்கு வரும் இருப்புப்பாதையில், திருப்பூருக்கு முன்னுள்ள ஊத்துக்குளி வெண்ணெயாலேயே பெயர் பெற்ற ஊர். கால்நடைக்குப் பருத்திக்கொட்டை அரைத்து வைத்தல் நம் பக்கத்து வழக்கம். அதனால் வெண்ணெய் எளிதில் இளகாது இறுகி நிற்கும்.

செய்முறை எளியது. காய்ச்சிய பாலை இளஞ்சூட்டில் உறை ஊற்றி இரவு முழுதும் வைத்து, வெயில் ஏறுமுன் கடைதல் வேண்டும். புளிப்பிக்கும் நுண்ணுயிர்களே வெண்ணெயின் நறுமணத்தை உண்டாக்குகின்றன. மத்தின் அடியால் கொழுப்புத் துளிகளைப் போர்த்திய மென்தோல் கிழிய, அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். வெப்பம் மிகின் வெண்ணெய் இளகி மோரொடு கலந்துவிடும்; குளிர் மிகின் திரளாது. ஆதலின் சித்திரையில் தண்ணீரும் மார்கழியில் சிறிது வெந்நீரும் வார்ப்பர். மத்தின் ஓசை மாறுவதைக் கொண்டே பதமறிவர் நம் பாட்டிமார். திரண்டதைக் குளிர்நீரில் இருமுறை மும்முறை அலசி மோர் நீங்கப் பிழிதல் வேண்டும். மோர் தங்கின் விரைவிற் கெடும்.

5 லிட்டர் எருமைப் பாலில் கிடைக்கும் வெண்ணெய் ஏறக்குறைய 400 கிராம். மோரோ 4 லிட்டருக்கும் மிகுதி! வெண்ணெயும் நெய்யும் சந்தைக்குப் போயின. மோர் வீட்டிலேயே தங்கிக் கம்பஞ்சோற்றைக் கரைத்தது. பால் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபின் காலையும் மாலையும் கறந்த பால் கொழுப்பளவுக்கு விலை பெற்று வெளியேறுகின்றது. அதனை யாம் குறைகூறோம். கைக்குப் பணம் தவறாது வருதல் சிறு நன்மையன்று. ஆப்பையும் மத்துமே கதியெனக் கிடந்த பெண்டிர்க்கு விடிகாலை ஓய்வும் கிடைத்தது. ஆயினும் எருமை கட்டியுள்ள வீட்டுக் குழந்தைகளே கடையிற் பொட்டலத் தயிர் வாங்கி உண்பதை நன்றென எவ்வாறு கூறுவது?

பழமையைப் புகழ்வார் ஒன்றை மறைத்துப் பேசுவர். மோரை விற்பது இழுக்கென்று பல வீடுகளில் அதனை ஈந்தனர், உண்மையே. ஆனால் உழைத்தவர்க்கு அம்மோர் புழைக்கடையில், எட்ட நின்று ஏந்திய கலத்தில், உயரத்தூக்கி ஊற்றப்பட்டது. அவ்வீகை மீளவேண்டுமென யாம் ஒருபோதும் விழையோம். மீளவேண்டுவது மத்து ஒன்றே. அதுவும் மருமகள் கையில் மட்டும் அன்று. கயிற்றை இழுக்க ஆடவர்க்கும் இரு கைகள் உண்டு.

நாடோறும் கடைய இயலாதெனின், நாட்பட்ட ஆடையைச் சேர்த்து வாரம் ஒருமுறை கடையலாம். எம் விடுதி மாணவர்க்கு ஒன்று கூறுவோம்: விடுமுறையில் ஊர் செல்லுங்கால், பாற்காரர் வருமுன் ஒரு செம்பு பாலை நிறுத்திவைக்குமாறு வீட்டாரிடம் சொல்லுங்கள். மத்து பரண்மேல் இருக்கும்; கயிறுதான் புதிது வேண்டும்.