நத்தாருக்கு எந்தக் கோயில்?

ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் புதிதாக வந்த அங்கிலிக்கன் குடும்பங்கள் மார்கழியில் கேட்கும் கேள்வி இது. ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் 16ஆம் திகதி தொடங்கும் நவநாளுக்குத் தாராளமாகப் போங்கள். சேர்ந்து பாடலாம், செபிக்கலாம். நற்கருணை மட்டும் அங்கே எமக்கு வழமையாகத் தரமாட்டார்கள். பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், வரிசையில் நின்று முகம் வாடக்கூடாது.

எமது கோயில் பலேர்மோ நகருக்குள் இருக்கிறது: இங்காம், விட்டேக்கர் என்னும் ஆங்கிலேய வணிகக் குடும்பங்கள் 1870களில் கட்டிய திருச்சிலுவை ஆலயம். வழிபாடு ஆங்கிலத்தில்தான். ஞானஸ்நானம் பெற்று, தம் சபையில் நற்கருணை எடுப்பவர் எச்சபையாரானாலும் அங்கே திருப்பந்தியில் சேரலாம்.

13ஆம் திகதி சாந்தா லூசியா திருநாள். அன்று பலேர்மோக்காரர் பாணும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள்; அவித்த கோதுமையில் ரிக்கொட்டா சேர்த்துக் கூச்சியா செய்வார்கள். அயலவர் கொண்டுவந்தால் வாங்குங்கள். கோப்பையை வெறுமையாகத் திருப்பாமல் நாலு பயற்றம் பணியாரம் வைத்துக் கொடுங்கள்.