பூஞ்சை பிடித்த திராட்சைக்கு மவுசு ஏன்?

“திராட்சை சாகுபடி செய்து வருகிறோம். ஹங்கேரி நாட்டில், பூஞ்சை பிடித்துச் சுருங்கிய திராட்சையில்தான் விலை உயர்ந்த ஒயின் தயாரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். உண்மையா? அந்த ஊரையும் அங்குள்ள பாதாள அறைகளையும் வெளியாட்கள் போய்ப் பார்க்க முடியுமா?”

- வாசகர், தேனி மாவட்டம்.

உண்மைதான். ஆனால், எல்லா ஊரிலும் நடக்கிற காரியம் அல்ல. ஹங்கேரியின் வடகிழக்கில், டிஸா, போட்ரோக் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் இருக்கிறது டோகாய். சில ஆயிரம் பேர் வசிக்கும் சிற்றூர். இதன் பெயரிலேயே அழைக்கப்படும் திராட்சை வட்டாரத்தில் மொத்தம் 27 ஊர்கள். 2002-ம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யப் பட்டியலில் இந்த வட்டாரம் இடம்பிடித்தது.

பனியும் வெயிலும்

இலையுதிர் காலத்தில், ஆறுகளில் கிளம்பும் மூடுபனி காலை நேரத்தில் தோட்டங்களை மூடிக்கொள்ளும். அந்த ஈரத்தில் ‘போட்ரிட்டிஸ்’ என்ற பூஞ்சை பழத்தோலில் பற்றும். மதியத்துக்குள் பனி விலகி, வெயிலும் காற்றும் வந்துவிட்டால், பூஞ்சை போட்ட நுண்ணிய துளைகள் வழியாகப் பழத்தின் நீர் ஆவியாகும். பழம் உலர்திராட்சை போலச் சுருங்கி, இனிப்பும் மணமும் உள்ளே செறிந்து நிற்கும். இதற்கு ‘ஆசூ’ என்று பெயர். ‘ஃபுர்மின்ட்’ என்ற வெள்ளைத் திராட்சைதான் அங்கு முக்கிய ரகம்.

வெயில் வராமல் மழை பிடித்துக்கொண்டால், அதே பூஞ்சை சாம்பல் அழுகல் நோயாகிக் குலையையே நாசம் செய்துவிடும். மற்ற இடங்களில் அறுவடை முடிந்த பிறகும், டோகாய் விவசாயி பழத்தைக் கொடியில் விட்டுக் காத்திருக்கிறார். அக்டோபர் 28-ல் அறுவடையைத் தொடங்குவது பழைய வழக்கம். சில ஆண்டுகளில் ஆசூ பழம் தேறாமலே போய்விடும்.

பறிப்பதும் லேசான வேலை அல்ல. குலையாக வெட்டாமல், சுருங்கிய பழத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். நாள் முழுக்கப் பறித்தாலும் ஓர் ஆளுக்குச் சில கிலோதான் தேறும். இந்தப் பழத்தை மசித்து, திராட்சைச் சாற்றிலோ ஒயினிலோ ஊறவைத்துப் பிழிகிறார்கள். 136 லிட்டர் பீப்பாய்க்கு எத்தனை கூடை ஆசூ பழம் சேர்த்தார்கள் என்பதுதான் அந்தக் காலத்தில் தரத்துக்கான அளவுகோல். ஒரு கூடை என்பது சுமார் 25 கிலோ.

கறுப்புச் சுவர் ரகசியம்

பிழிந்த சாறு நொதித்து, ஓக் மரப் பீப்பாய்களில் முதிர்வது பாதாள அறைகளில். எரிமலைச் சாம்பல் இறுகி உருவான பாறையைக் கையால் குடைந்து, பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அமைத்த குறுகலான சுரங்கங்கள் இவை. கோடையிலும் குளிர்காலத்திலும் உள்ளே வெப்பநிலை 10 முதல் 12 டிகிரி செல்சியஸ்தான். மின்சாரம் இல்லாமலே கிடைத்த குளிர்பதனக் கிடங்கு!

சுவர் முழுக்கக் கம்பளி போர்த்தியதுபோலக் கறுப்புப் பூஞ்சை படர்ந்திருக்கும். பீப்பாயிலிருந்து கசியும் ஆவியை உண்டு வளரும் இது, அறையின் ஈரப்பதத்தைச் சீராக வைக்கிறது என்பதால் யாரும் சுரண்டி எடுப்பதில்லை.

பெயரைக் காத்தவர்கள்

எந்தெந்த ஊரில் விளைந்தால் ‘டோகாய்’ என்று விற்கலாம் என 1737-ம் ஆண்டிலேயே அரச ஆணை வந்துவிட்டது. ஆனாலும், இத்தாலியிலும் பிரான்ஸிலும் வேறு ரகத் திராட்சை ஒயின்களுக்கு இந்தப் பெயரைச் சூட்டி விற்றார்கள். நீண்ட இழுபறிக்குப் பிறகு, 2007-ம் ஆண்டுதான் அது நின்றது. விளைச்சல் இல்லாத ஆண்டுகளையும் தாங்கி, அந்த விவசாயிகள் தாக்குப்பிடிக்க இந்தப் பெயருக்குக் கிடைக்கும் விலைதான் காரணம். 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கும் இது பொருந்தும். குறியீடு வாங்குவதோடு வேலை முடிவதில்லை. அந்தப் பெயரில் வேறு பழம் சந்தைக்கு வராமல் பார்த்துக்கொள்வதும் விவசாயிகளின் கையில்தான் இருக்கிறது.

போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. தலைநகர் புடாபெஸ்டிலிருந்து டோகாய்க்கு ரயிலில் சுமார் 3 மணி நேரம். ஊருக்குள் இருக்கும் ராக்கோட்சி பாதாள அறையைப் பயணிகள் பார்க்கலாம். இதே வட்டாரத்தில் உள்ள ஹெர்ட்செக்கூட் கிராமத்தில், மலைச்சரிவில் முக்கோண முகப்போடு வரிசையாக நிற்கும் சிறு விவசாயிகளின் அறைகளும் பார்க்க வேண்டியவை. குடும்பமாக நடத்தும் இடங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது நல்லது. கோடையானாலும் ஸ்வெட்டர் அவசியம்.

கடைசியாக ஒன்று. இதைப் படித்துவிட்டு, நம் தோட்டத்தில் பூஞ்சை பிடித்த குலைகளை விட்டுவைக்க வேண்டாம். அந்த ஆற்றுப்பனி, மதிய வெயில், ரகம் எல்லாம் ஒன்றுசேர்ந்தால்தான் அது ஆசூ. இங்கே அது வெறும் நோய்தான். தாக்கப்பட்ட குலைகளை உடனே அகற்றி, தோட்டத்துக்கு வெளியே அப்புறப்படுத்துவதே சரியான வழி.