படியளப்பவர் யார்?

வைத்தியருக்கு ஃபீஸ் கொடுக்கிறோம், வக்கீலுக்குக் கொடுக்கிறோம், ஜாதகம் பார்ப்பவருக்குக்கூட வெற்றிலை பாக்கில் வைத்துத் தட்சிணை தரத் தவறுவதில்லை. ஆனால், ஆயுள் முழுவதும் சம்பாதித்த பணத்தை எங்கே போடுவது என்ற யோசனை மட்டும் இலவசமாகக் கிடைக்கவேண்டுமென்று நினைக்கிறோம். கிடைக்கவும் கிடைக்கிறது. அதைவிட விலை உயர்ந்த சரக்கு வேறில்லை என்பது பல வருஷம் கழித்தே தெரிகிறது.

புதுக்கோட்டையில் இதே வழக்கு ஏறக்குறைய நூற்று நாற்பது வருஷங்களுக்கு முன்பே நடந்து தீர்ப்பும் ஆகிவிட்டது. 1878-இல் அந்தச் சமஸ்தானத்தின் நிர்வாகத்தை ஏற்க வந்தார் சேஷய்ய சாஸ்திரியார். 1872 முதல் 1877 வரை திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர், சின்னஞ்சிறு சமஸ்தானம் ஒன்றின் கணக்கைச் சீர் செய்ய வந்தார். வந்தவர் அங்கே கண்டது அமானி முறை.

அமானி என்றால் விளைச்சலைச் சர்க்காரும் குடியானவரும் பங்கிட்டுக்கொள்வது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பங்கு பிரிக்கும் வரையில் குடியானவர் கதிரில் கை வைக்கலாகாது. அவர் கை வைக்காமல் பார்க்க ஒரு காவலாள், காவலாள் கை வைக்காமல் பார்க்க ஒரு கண்காணி, அளக்க ஒருவர், எழுத ஒருவர். குவியலைச் சுற்றி நின்ற ஒவ்வொருவருக்கும் குவியலிலிருந்து ஒரு கை அள்ளச் சபலம். சர்க்காருக்கும் நஷ்டம், உழுதவருக்கும் நஷ்டம். காவலாளுக்கு நீதி போதனை செய்து பயனில்லை. கோளாறு ஆளில் அல்ல, ஏற்பாட்டில் இருந்தது. சாஸ்திரியார் அமானியை ஒழித்து, நிலத்துக்கு இவ்வளவு என்று ரொக்கத் தீர்வை ஏற்படுத்தினார்.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவர் பணிக்கொடையும் சேமநிதியும் வாங்கிக்கொண்டு கீழ ராஜ வீதியிலிருந்து வீடு திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் மைத்துனர் இன்ஷ்யூரன்ஸ் பாரத்துடன் காத்திருக்கிறார்; பக்கத்து வீட்டுக்காரர் பரஸ்பர நிதிப் பாரத்துடன் காத்திருக்கிறார். இருவரும் நல்லவர்கள்தாம். ஆனால் அவர்களுக்குக் கமிஷன் தருவது கம்பெனி. கையெழுத்து விழுந்தால்தான் வருமானம். "முதலில் பெண் கல்யாணக் கடனை அடையுங்கள், மிச்சத்தைத் தபாலாபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்பில் போடுங்கள்" என்று சொன்னால் அவர்களுக்குச் சல்லிக் காசு கிடையாது. அமானிக் களம் போய்விட்டது. குவியலைச் சுற்றி நிற்பவர்கள் போகவில்லை.

இதற்கும் ஒரு ரொக்கத் தீர்வை வந்திருக்கிறது. பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் 'செபி' வாரியம் 2013-இல் முதலீட்டு ஆலோசகர்களுக்கென விதிகள் செய்தது. ஆலோசகர் பதிவு செய்துகொள்ளவேண்டும். யோசனை சொல்லுமுன் கட்சிக்காரரின் வயது, வருமானம், கடன், பணம் எதற்காக, எவ்வளவு நஷ்டம் தாங்கும் என்பதையெல்லாம் விசாரிக்கவேண்டும். கண்மாயில் நீர் எவ்வளவு என்று பாராமல் நாற்று விடுவார் உண்டோ? 2020-இல் விதி இன்னும் இறுகிற்று: ஆலோசகராகப் பதிந்த தனிநபர் கமிஷன் விற்பனையையும் சேர்த்து நடத்தலாகாது. 2013 ஜனவரி முதல் பரஸ்பர நிதிகளைக் கமிஷன் சேராத 'நேரடி' வகையிலும் வாங்க முடிகிறது.

மாதம் ஆயிரம் ரூபாய் சேர்ப்பவருக்கு ஆலோசகர் கட்டணம் பாரந்தான். அவருக்குக் கமிஷன்காரரே கைகொடுக்கக்கூடும். ஆனால் அந்தக் கமிஷன் எவ்வளவு என்று கேட்க அவருக்குச் சகல பாத்தியதையும் உண்டு.

இத்தொழிலுக்கு ஏன் வந்தீர்கள் என்றால், ஜனங்களுக்குச் சேவை செய்ய என்றே எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். சாஸ்திரியாரும் சம்பளம் வாங்கியவர்தாம், சந்நியாசி அல்ல. ஒளிக்காமல் வாங்கும் கூலி சேவைக்கு இழுக்காகாது. 1886-இல் ராமச்சந்திரத் தொண்டைமான் காலமானபோது, பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட பைரவருக்கு வயது பத்து. 1894 வரை சாஸ்திரியாரே ரீஜண்டாக இருந்து ஆண்டார். கணக்குக் கேட்கத் தெரியாத வயதுள்ளவனின் சொத்தைக் காப்பதில்தான் ஆலோசகரின் தராதரம் வெளிப்படும். நம்மில் பெரும்பாலோர் அந்தக் கட்சிதான்: வயதில் பெரியவர்கள், வட்டிக் கணக்கில் குழந்தைகள்.

ஆகையால், யோசனை சொல்ல யாராவது வந்தால் காப்பி கொடுத்து உபசரியுங்கள். பிறகு இரண்டே கேள்விகள் கேளுங்கள். "தங்களுக்குப் படியளப்பவர் யார்?" "இது உங்களுக்கு வேண்டாம் என்று யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா?" முதலாவதற்கு "நீங்கள்தான்" என்றும், இரண்டாவதற்கு "பல பேரை" என்றும் பதில் வந்தால், பேரம் பேசாமல் ஃபீஸைக் கொடுத்துவிடுங்கள். இரண்டுக்கும் பதில் வராவிட்டால், காப்பியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.